ஜிம் யார் என்று கேட்டார்கள்

2024 தீபாவளிக்கு நான் எங்கள் ஊரில், அதாவது தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில், இல்லை. இனிப்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கு அலையாத முதல் தீபாவளி. அண்ணன் அமெரிக்காவில் இண்டியானாபொலிசில் இருக்கிறார். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் நவம்பர் 1, 2, 3 என்று மூன்று ராத்திரி அங்கே பாட வந்தார். இரண்டாம் நாளுக்கு வாங்கிய டிக்கெட்டில் தன் பங்கை அண்ணி வேண்டாம் என்று சொல்ல, "அத்தை வரட்டும்" என்றுவிட்டாள் அண்ணன் மகள். அந்தச் சுற்றுப்பயணம் ஆப்பிரிக்கா பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. எனக்கென்ன, அண்ணனைப் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று கிளம்பிவிட்டேன்.

டெய்லர் முதலில் கன்ட்ரி பாடகியாம், அமெரிக்க நாட்டுப்புறத்துப் பாட்டு வகை அது. எங்கள் வீட்டில் கன்ட்ரி பாட்டு என்றால் ஜிம் ரீவ்ஸ்தான். டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அந்த டெக்சாஸ்காரர் 1962இல் இங்கே வந்து பாடினார், ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலும் இசைத்தட்டு போட்டார், 1964இல் கன்ட்ரி பாட்டின் தலைநகரான நாஷ்வில் பக்கத்தில் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். அப்பா டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்தவர், இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியேற்றிய குரூப் ஏரியாஸ் சட்டத்தால் சாட்ஸ்வர்த்துக்குத் துரத்தப்பட்டவர். ஜிம்மை நேரில் பார்த்ததில்லை. அந்தக் காலத்துத் தென்னாப்பிரிக்க வானொலியான ஸ்பிரிங்பாக் ரேடியோ, அப்புறம் ஓரம் தேய்ந்த நாலு தட்டு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி கொதிக்கிற நேரத்தில் தட்டைச் சுழல விட்டு, "காதுக்குள்ள வந்து பாடுறான் பாரு" என்பார். ஜிம் மைக்கில் உதடு படுகிற மாதிரி நின்று, குரலைத் தாழ்த்திப் பாடுகிறவர். அப்பாவுக்கு அந்த நுட்பமெல்லாம் தெரியாது, காது மட்டும் சரியாக இருந்தது.

அண்ணன் மகள் ஒரு வாரமாக மணி கோத்துக்கொண்டிருந்தாள். அந்த ரசிகர்கள் எழுத்து மணியில் கைவளையம் செய்து, முன்பின் தெரியாதவர்களோடு மாற்றிக்கொள்வார்களாம். எனக்கும் ஒன்று கோத்துத் தரச் சொன்னேன். "என்ன எழுத்து அத்தை?" "ஜிம்." முகத்தைச் சுளித்தாலும் கோத்துக் கொடுத்தாள். ஆங்கில எழுத்து மூன்று, இரண்டு பக்கமும் நீல மணி.

நிகழ்ச்சி நடந்த லூக்காஸ் ஆயில் ஸ்டேடியத்துக்குள், உள்ளிருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பைதான் கொண்டுபோகலாம். ஆக, என் விபூதிப் பொட்டலம், முழங்கால் மாத்திரை, இருமல் மிட்டாய் எல்லாம் ஊர் பார்க்க ஊர்வலம் போயின. வாசலில் எல்லோருக்கும் ஒரு விளக்குப் பட்டை கொடுத்துக் கையில் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பாட்டுக்குப் பாட்டு அது தானாக நிறம் மாறும். 60,000 பேருக்கு மேல் இருக்கிற இடத்தில் ஒரே நொடியில் எல்லாக் கையும் சிவப்பானபோது எனக்குக் காவடித் திருவிழா ஞாபகம்தான் வந்தது.

மூன்று மணி நேரத்துக்கு மேல் நிகழ்ச்சி. ஒருவரும் உட்காரவில்லை, அதனால் நானும் உட்கார முடியவில்லை. பளபளா உடுப்பு, நடனக்காரர்கள், நெஞ்சுக்கூட்டுக்குள் இடிக்கிற டிரம். இடையிடையே "இந்தப் பிள்ளையா கன்ட்ரி?" என்று அண்ணன் காதில் கத்தினேன். அண்ணன் மகள்தான் பாடம் எடுத்தாள்: டெய்லர் பென்சில்வேனியாக்காரி, 14 வயதில், அதாவது இவள் வயதில், பாட்டுக்காகவே குடும்பத்தோடு நாஷ்வில் பக்கம் போனாள், 2006இல் வந்த முதல் ஆல்பம் முழுக்கக் கன்ட்ரி, 2014இல்தான் முழுசாகப் பாப் இசைக்குத் தாவினாள். சரி என்றேன். நம்பவில்லை.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் மேடையில் இருந்த நடனக்காரர்கள் எல்லாம் ஒதுங்கிப்போய், மரக் கிடாரோடு டெய்லர் மட்டும் நின்றாள். ஒவ்வொரு ஊரிலும் இந்த இடத்தில் என்ன பாடுவாள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாதாம். டிரம் இல்லை. அதுவரை எனக்கு ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. இப்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுந்தது. அவ்வளவு பெரிய கொட்டகையின் மூன்றாம் மாடியில் நிற்கிற என் காதுக்குள் வந்து பாடினாள். நான் கையில் இருந்த மணியை உருட்டிக்கொண்டே நின்றிருந்தேன் போல, பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஜிம் யார், உங்கள் கணவரா?"

"அப்பாவுடைய பாட்டுக்காரர், ஜிம் ரீவ்ஸ்" என்றேன். கேள்விப்பட்டதே இல்லையாம். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. நாஷ்வில் அங்கிருந்து காரில் ஐந்து மணி நேரம்கூட இல்லை! சாட்ஸ்வர்த்தில் எந்தக் கல்யாண வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், தாத்தாமார் இரண்டு பாட்டாவது பாடிக் காட்டுவார்கள். அந்த அம்மாள் தன் வளையத்தைக் கழற்றி நீட்டினார். மாற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. விளக்குப் பட்டையைக் காட்டி இது வேண்டுமா என்றேன். சிரித்துவிட்டார், அவரிடமும்தான் ஒன்று இருக்கிறதே.

வீடு வந்து சேர நள்ளிரவு தாண்டிவிட்டது. கோடைக் கால நேரம் முடிந்து, அன்று ராத்திரிதான் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். எந்த மணியை நம்புவது என்று புரியாமல், சாட்ஸ்வர்த்தில் விடிந்திருக்கும் என்ற கணக்கில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"எப்படி, ஜிம் ரீவ்ஸ் மாதிரி பாடினாளா?"

"ஒரு அஞ்சு நிமிஷம் பாடினாம்மா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, தீபாவளிக்கு அனுப்பிய தட்டில் மூன்று இன்னும் திரும்பி வரவில்லை, யார் யார் வீடு என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார்.