நாய்க்கடியும் நாலு தேதியும்

போன வருஷம் தடைக்காலத்தில் நடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பாம்பன் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். மீன் வராவிட்டால் கரை நாய்களுக்கும் பட்டினிதான். மே 20 காலையில் ஒரு செவலை நாய் பின்னால் வந்து கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடியது. நல்ல ரத்தம். அந்த நாயை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

சுற்றி நின்றவர்களிடம் ஆளுக்கொரு வைத்தியம் இருந்தது. மிளகாய்ப்பொடி என்றார் ஒருவர், சுண்ணாம்பு என்றார் இன்னொருவர். "கடல் தண்ணியில காலை வைடா, உப்பு விஷத்தை எடுத்துரும்" என்றார் மாமா. பக்கத்து வீட்டு அக்காதான் துணி சோப்போடு வந்து என்னைக் குழாயடிக்கு இழுத்துப்போனார். கால் மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவினோம். ரேபிஸ் கிருமியின் மேலுறை கொழுப்பு, சோப்பு அதைச் சிதைத்துவிடும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

முதலில் போன மருத்துவமனையில் தடுப்பூசி இருந்தது. இரண்டு புஜத்திலும் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் போட்டார்கள், கூடவே ரணஜன்னிக்கு ஒரு டிடி ஊசி. காயத்துக்குள் போட வேண்டிய மருந்து மட்டும் இருப்பில் இல்லை, ராமநாதபுரம் போகச் சொன்னார்கள். "அதான் ஊசி போட்டாச்சே" என்று வீட்டுக்கே திரும்பப் பார்த்தேன். மறுபடியும் அக்காதான். பஸ் ஏற்றிவிட்டுத்தான் போனார்.

ராமநாதபுரத்தில் எடை பார்த்தார்கள். குதிரைக்குத் தடுப்பூசி போட்டு, அதன் ரத்தத்தில் உருவான, கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்த மருந்து அது. கிலோவுக்கு 40 யூனிட் என்று கணக்கு. கடித்த பல் தடத்தைச் சுற்றிச் சுற்றிக் குத்தினார்கள். கெளுத்தி முள் ஏறியவர்களுக்கு அந்த வலி தெரியும். அதையே ஆறேழு தடவை வாங்குவதுபோல் இருந்தது.

ஒன்று போதாதா, எதற்கு இரண்டு விதமான ஊசி என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை நான் வலைக் கணக்கில்தான் புரிந்துகொண்டேன். சாளைக்கு ஒரு வலை, நண்டுக்கு ஒரு வலை, கண் அளவு வேறு. நம் ரத்தத்திலும் எதிர்ப்பொருள் தயாரிக்கும் பி செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண் அளவு. எந்தக் கிருமி வரும் என்று தெரியாமலேயே எல்லா அளவிலும் வைத்திருக்கிறது உடம்பு. ஆனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான். தடுப்பூசியில் இருப்பது செத்த கிருமி. தோலில் காவல் இருக்கும் செல்கள் அதைப் பிடித்து அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. பொருந்துகிற பி செல்லை டி செல் என்ற இன்னொரு வகை எதிர்ப்பு செல் ஆமோதித்தால், அது ஒன்று பத்தாகி, பத்து ஆயிரமாகப் பெருகும். பெருகும்போதே கண்ணைச் சற்றுச் சற்று மாற்றிப் பார்த்து, கிருமியை இன்னும் இறுக்கிப் பிடிப்பதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடுமாம். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. இத்தனை வருஷமாக வலையோடு இருக்கிறேன், தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் வலையைக் கேள்விப்பட்டதில்லை.

இதெல்லாம் முடிந்து எதிர்ப்பொருள் ரத்தத்தில் இறங்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை காயத்தில் இருக்கும் கிருமி சும்மா இருக்காதே. நரம்புக்குள் நுழைந்துவிட்டால் மூளைக்குப் போகிற வழி அது, அங்கே எதிர்ப்பொருள் எட்டுவதும் கஷ்டம். அதனால்தான் நம் வலை தயாராகும்வரை குதிரையிடம் இரவல். முதல் தடுப்பூசிக்கு 7 நாள் தாண்டிவிட்டால் இரவலைக் கொடுக்க மாட்டார்கள். அதற்குள் சொந்தச் சரக்கு வரத் தொடங்கியிருக்கும், வெளியிலிருந்து கொட்டினால் அதன் வேகம் குறையும்.

தடுப்பூசியின் அடுத்த தவணைகளான மே 23, மே 27 ஊசிகள் சாதாரணமாகப் போயின. இரண்டாவது ஊசிக்குப் பிறகு அக்குளில் லேசாக நெறி கட்டியது. பயந்துபோய்க் காட்டினால், "உள்ள வேலை நடக்குதுண்ணே" என்று சிரித்தார் சிஸ்டர். மூன்று மாசம் மீன் தொடக்கூடாது என்று அம்மா போட்ட பத்தியத்தையும் அவரே ரத்து செய்தார். அப்பாவின் அண்ணனுக்கு அந்தக் காலத்தில் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்களாம். ஆட்டு மூளையில் தயாரித்த அந்த மருந்தின் உற்பத்தி 2004-ல் நின்றது. அதை நினைத்தால் என் பாடு ஒன்றுமே இல்லை.

கடைசி ஊசிதான் சோதனை. முதல் ஊசியிலிருந்து 28-ஆம் நாள் ஜூன் 17-ல் விழுந்தது. தடைக்காலம் முடிந்து படகு கிளம்பிவிட்ட நேரம். இரண்டு மாசமாகக் கையில் காசில்லை, கடலுக்குப் போகும் முதல் பாடுகளில்தான் நல்ல இறால் கிடைக்கும். "ஒரு ஊசிதானே, வந்து போட்டுக்க" என்றார் படகுக்காரர். நானும் மனசளவில் ஏறிவிட்டேன். ஆனால் பழகிய செல்களுக்குக் கிருமியை மறுபடி காட்டினால்தான் நினைவு நிலைக்கும் என்று டாக்டரம்மா சொன்னது உறுத்தியது. அன்றைய பாட்டுக்கு என் இடத்தில் மச்சான் போனான். பங்கும் அவனுக்கே.

ஊசி போட்ட கையோடு சிஸ்டர் அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தார். இனி எப்போதாவது கடித்தால் இரண்டே நாள் ஊசி, முதல் நாளும் அதிலிருந்து மூன்று நாள் கழித்தும். குதிரை மருந்து தேவையில்லை, உடம்புக்கு ஞாபகம் இருக்கும். அட்டையைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறேன். "இன்னொரு தடவை கடி வாங்க இவ்வளவு ஆசையா?" என்கிறாள் அம்மா.