இரண்டு ஜாமீன்தாரர்கள்

மத்திய சிறை ஒன்றில் இயங்கும் சட்ட உதவி மையத்துக்கு வாரம் ஒரு நாள் போய்வருகிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் சேர்ந்த நாளிலிருந்து இது என் வேலை. கைப்பேசியை வாயிலில் ஒப்படைத்துவிட்டுச் சோதனை முடிந்து உள்ளே போனால் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். வெளியே வராந்தாவில் கைதிகள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். எந்த நீதிமன்றத்தில் வழக்கு என்றே தெரியாதவர்கள் அதில் பலர். "அடுத்த வாய்தா எப்போது, அம்மா?" என்ற ஒரே கேள்வியோடு வருகிறவர்களும் உண்டு. ஒரு நீள நோட்டில் பெயர், பிரிவு, ரிமாண்ட் ஆன தேதி, ஜாமீன் மனுவின் நிலை என்று பத்தி பிரித்து எழுதிக்கொள்வேன்.

2018-இல் அந்த வரிசையில் ஒரு கொத்தனார் இருந்தார். கட்டிக்கொண்டிருந்த வீட்டில் வயரிங்குக்காக வாங்கி வைத்த செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. அன்று கடைசியாகக் கிளம்பியவர் அவர் என்று மேஸ்திரி சொன்னதால் கைதாகியிருந்தார். தான் எடுக்கவில்லை என்று சொன்னார். இரண்டாவது முறை சொல்லவில்லை. ஜாமீன் மனு போட்டேன், பத்தொன்பதாம் நாள் கிடைத்தது. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களில் ஒருவர் ரத்த உறவு, தினமும் காலை காவல் நிலையத்தில் கையெழுத்து. வழக்கமான நிபந்தனைகள்தான். நோட்டில் 'ஜாமீன் கிடைத்தது' என்று எழுதி அடியில் சிவப்பு மையால் கோடு போட்டேன். முடிந்த வழக்குகளுக்கு அப்படிப் போடுவது என் பழக்கம்.

மூன்று மாதம் கழித்து, வேறொருவருக்காகக் குறிப்பெடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்தால் வரிசையில் அவர். புது வழக்கா என்று கேட்டேன். "இல்லை, அம்மா. அதே வழக்குதான்" என்றார்.

நடந்தது இதுதான். ஊரிலிருந்து அண்ணன் வந்திருக்கிறார், ரேஷன் கார்டும் வீட்டு வரி ரசீதுமாக. வீடு இறந்துபோன அம்மாவின் பெயரில், அதுவும் வேறு மாவட்டத்தில். உள்ளூரில் சொத்துள்ளவரைக் கூட்டிவா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாசில்தார் அலுவலகத்தில் சொத்து மதிப்புச் சான்று கேட்டு இரண்டு நாள் அலைந்து, மூன்று நாள் கூலி போனதுதான் மிச்சம் என்று ஊர் திரும்பிவிட்டார். பிழைக்க வந்த ஊரில் கொத்தனாருக்கு இரண்டாவது ஜாமீன்தாரராக வர யார் இருக்கிறார்கள்? எட்டு வருடம் வேலை வாங்கிய மேஸ்திரியே புகாரின் பக்கம் நின்றார்.

இதே கதையை உச்ச நீதிமன்றம் 1978-இலேயே கேட்டிருக்கிறது. மோதி ராம் வழக்கு. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த அவரும் கொத்தனார்தான். பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டார்கள். சகோதரருக்கு வேறு மாவட்டத்தில் சொத்து இருப்பதால் செல்லாது என்றார் மாஜிஸ்திரேட். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து எழுதினார். ஒரு தமிழரோ மலையாளியோ பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்பது அவர் எழுப்பிய கேள்வி. சட்டக் கல்லூரியில் அந்தத் தீர்ப்பைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். நாற்பது ஆண்டு கழித்து அதே தொகை, அதே தொழில், அதே காரணம் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது, அது எனக்கு உரிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

நம் சிறைகள் நிரம்பி வழிவதற்குக் குற்றங்கள் பெருகியதே காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்திருந்தேன். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அமெரிக்கா நம்மைவிடப் பல மடங்கு அதிகமானோரைச் சிறையில் வைத்திருக்கிறது. நம்முடைய நோய் வேறு. 2022-ஆம் ஆண்டுக்கான தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கின்படி நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள், நூறு பேருக்கான இடத்தில் நூற்று முப்பத்தொரு பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது உள்ளே இருக்கும் நால்வரில் மூவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லவில்லை. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யாதீர்கள் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதல் முறை செய்யும் சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்றாண்டுதான். ஆனாலும் என் வரிசையில் செல்போன் திருடியவரும் சைக்கிள் திருடியவரும் குறைந்ததே இல்லை. அவர்கள் எந்தச் சாதி, எந்தத் தெரு என்று கேட்கவே வேண்டாம், முகவரியே சொல்லிவிடும்.

கொத்தனாரின் மனைவியை 'மனு' பார்க்கும் இடத்தில் சந்தித்தேன். கைதியைப் பார்க்க வருவதை இங்கே எல்லோரும் 'மனு' என்றுதான் சொல்வார்கள். சித்தாள் வேலைக்குப் போகிறவர். ஒரு மனுவுக்கு ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். அன்று ஒரு துணிப்பையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் அதைத் திரும்பக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டு வாடகை மூன்று மாதம் பாக்கி, கந்துவட்டிக்கு ஐயாயிரம் வாங்கியாகிவிட்டது, பெரிய பெண் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். "அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார் என்று சின்னவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அக்கா. பெரியவளிடம் அது எடுபடவில்லை" என்றார். தண்டனை என்று எதுவும் வருவதற்கு முன்பே அந்தப் பெண்ணின் படிப்பு நின்றுபோனது.

நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனு போட்டேன். அது விசாரணைக்கு வரும் முன்பே அவரை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இதுவரை உள்ளே இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து இன்றே அனுப்பிவிடுவார்கள் என்று உள்ளே இருக்கும் அனுபவசாலிகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது உண்மையும்கூட. அன்று நான் வேறு நீதிமன்றத்தில் இருந்தேன். அவர் ஒப்புக்கொண்டார். நான்கு மாதமும் பதினொரு நாளும் தண்டனையானது. மாலையில் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜாமீன்தாரர் இருந்திருந்தால் வெளியே நின்று வழக்கு நடத்தியிருப்பார். அந்தச் சுருள்களை அவர் எடுத்ததற்கு மேஸ்திரியின் வாய்ச்சொல்லைத் தவிர வழக்குக் கோப்பில் எதுவும் இல்லை.

அதன்பின் பகுதியில் எது காணாமல் போனாலும் முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள். இன்னும் இரண்டு வழக்கு சேர்ந்தால் குண்டாஸ் போட்டுவிடுவார்களோ என்று பயந்து ஊரை மாற்றிக்கொண்டார். அந்தப் பயம் வீணானதல்ல. தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டம் அது. ஆட்சியரோ காவல் ஆணையரோ போடும் கையெழுத்தில் விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். அந்தக் காவலை மறுஆய்வு செய்யும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமைகூடக் கிடையாது. கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்கள் முதல் இணையக் குற்றவாளிகள் வரை அதன் வலை காலப்போக்கில் விரிந்திருக்கிறது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே போகாதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதமாகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்றும் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பட்டியல் மேசைக்கு வரும்போதெல்லாம் நான் மனு எழுதுகிறேன். ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையில் விடச் சொல்லி, கூலிக்காரருக்குக் கூலிக்காரரே ஜாமீன் தரலாம் என்று வாதாடி, மோதி ராம் தீர்ப்பின் நகலை ஒவ்வொரு மனுவோடும் சேர்த்து வைத்து. பல நீதிபதிகள் கேட்கிறார்கள். என் நோட்டில் 'வெளியே போன தேதி' என்று ஒரு பத்தி கூடியிருக்கிறது. அது நிரம்பாமல் கோடு போடுவதில்லை.

போன வருடம் கொத்தனார் என் அலுவலகத்துக்கு வந்தார். முதுகு வலியில் சாரம் ஏற முடியவில்லை, ஒரு குடியிருப்பில் காவலாளி வேலை கிடைக்கும் போலிருக்கிறது, காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கிறார்கள் என்று படிவத்தை நீட்டினார். 'எந்த வழக்கிலாவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். "அன்று ஒப்புக்கொண்டதை இப்போது இல்லை என்று சொல்ல முடியுமா, அம்மா?" என்று கேட்டார்.

ஒப்புக்கொண்டு பெற்ற தண்டனையில் அதன் அளவைப் பற்றியும் சட்டப்படி அது செல்லுமா என்பது பற்றியும் மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். எடுக்கவே இல்லை என்று இனிச் சொல்ல இடமில்லை. அதைச் சொல்லிவிட்டுப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அவர் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அவரும் அதைப் பார்த்தார். என்ன கோடு என்று கேட்டார். சொன்னேன்.