ஒலிவமலையில் நிறைவேறிய அம்மாவின் பொருத்தனை

பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து எருசலேமுக்குப் போய் ஜெபம்பண்ணிவிட்டு வரவேண்டும் என்பது அம்மாவின் பொருத்தனை. அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகுதான், பெரியம்மாவின் நச்சரிப்பால் கிளம்பினோம். அப்பாவின் சொத்தை எனக்குத் தெரியாமல் தம்பி விற்றதிலிருந்து எங்களுக்குள் பேச்சே கிடையாது. ஒரே பஸ், ஒரே அறை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் போதகர் வழியாகத்தான்.

எருசலேமை ஒட்டிய ஒலிவமலையில் இறங்கியதுமே ஒட்டகக்காரர்களும் பட அட்டை விற்பவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் விலைதான் இறங்குகிறது, ஆள் நகர்வதில்லை. அந்த எரிச்சலோடுதான் பாட்டர் நோஸ்டர் ஆலயத்துக்குள் போனேன். ஆண்டவர் இயேசு சீஷர்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் குகை அங்கே இருக்கிறது. சுவரெல்லாம் அவர் கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம், 100-க்கும் அதிகமான மொழிகளில். தமிழைக் கண்டதும் எல்லாரும் போட்டோவுக்கு முண்டியடிக்க, போதகர் அதட்டி ஜெபிக்க வைத்தார்.

சிறுவயதிலிருந்து சொல்லும் ஜெபம், நாக்கு தானாக ஓடும். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று, நமக்குத் தப்பு செய்தவர்களை மன்னிக்கும் வரி வந்ததும் பக்கத்தில் தம்பியின் குரல் நின்றுவிட்டது. எனக்கும் வாய் வரவில்லை. மற்றவர்கள் ஆமென் சொல்லி நகர்ந்துவிட்டார்கள். இந்த ஜெபத்தில் வேறெந்த விண்ணப்பத்துக்கும் ஆண்டவர் விளக்கம் சொல்லவில்லை. இதற்கு மட்டும், ஜெபம் முடிந்த கையோடு, நீங்கள் மன்னிக்காவிட்டால் பிதாவும் உங்களை மன்னிக்கமாட்டார் என்கிறார் (மத்தேயு 6:15). அப்படியென்றால் பகையை வைத்துக்கொண்டு இதைச் சொல்லுகிறவன், என்னை மன்னிக்காதேயும் என்று தானே கேட்டுக்கொள்கிறான்!

"அண்ணே, நான் செஞ்சது தப்பு" என்றான். காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். உடனே நெஞ்சு இளகிவிட்டது என்றால் அது பொய். "சரிடா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

கெத்செமனே, சேவல் கூவின இடத்து ஆலயம் எல்லாம் பார்த்தோம், மனதில் ஒட்டவில்லை. கல்லறைத் திருத்தலத்தில் தள்ளுமுள்ளு தாங்க முடியவில்லை. அதற்குள்ளே, ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த இடமான கொல்கொதாவுக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. பின்னாலிருந்து இடிக்கிறவர்களைத் தம்பிதான் தாங்கிக்கொண்டான். பலிபீடத்துக்கு அடியில் முழங்காலிட்டுத் துவாரத்தில் கைவிட்டுப் பாறையைத் தொட்டேன். "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று ஆண்டவர் சொன்னபோது சிலுவையில் அறைந்தவர்களில் ஒருவனாவது மன்னிப்புக் கேட்டிருந்தானா? என் தம்பி கேட்டுவிட்டானே! எழுந்திருக்கச் சொல்லி யாரோ தோளைத் தட்டுகிறார்கள், என்னால் அழுகையை நிறுத்த முடியவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

விற்ற சொத்து திரும்பி வரப்போவதில்லை. அதைப்பற்றியே விமானத்தில் இருவரும் வெகுநேரம் பேசினோம், குரலை உயர்த்தாமல். அம்மாவின் பொருத்தனையைக் கேட்ட தேவனுக்குக் கோடி ஸ்தோத்திரம். விடாமல் நச்சரித்த பெரியம்மாவுக்கும் நன்றி.