ஹாம் செட்டில் துறைமுகச் சனலும் பொலிஸ் சனலும்: பூட்டுத் திறந்த பிறகு

கையடக்க ஹாம் செட் (பொழுதுபோக்கு வானொலியாளரின் பேசும் கருவி) வாங்கியவர்கள் சீக்கிரமே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது 156 மெகாஹேர்ட்ஸுக்கும் போகுதே, துறைமுகத்தோட கதைக்க ஏலாதா?" கப்பலும் துறைமுகமும் பேசும் அந்த இடத்துக்குச் செட் போகும். பாவோஃபெங் யூவி-5ஆர் வகையில் பல, பெட்டியிலிருந்து எடுத்த கையோடு 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரை அனுப்பும். யப்பான் செட்டுகள் பலவற்றில் பலகையிலுள்ள ஒரு டயோடையோ ஜம்பரையோ எடுத்தால், ஹாம் அலைவரிசைக்கு வெளியே அனுப்பவிடாத பூட்டுத் திறந்துவிடும். சிக்கல் திறந்த பிறகுதான் தொடங்குகிறது.

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடலாம். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக்குறி கையிலிருந்தாலும் அந்த அனுமதி ஹாம் அலைவரிசைக்கு மட்டும்தான். மற்ற அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் வேறு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். திருகோணமலையில் ஒரு பக்கம் கடற்படை, ஒரு பக்கம் துறைமுகம், சீனக்குடாவில் விமானத்தளம். தெரியாத குரல் ஒன்று சனலில் விழுந்தால் இங்கே யாரும் சும்மா விடமாட்டார்கள்.

இனி நுட்பத்துக்கு வருவோம். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் அனுமதி எடுத்து 12.5 கிலோஹேர்ட்ஸ் சனலில் செட் வைத்திருக்கிறது என்று வையுங்கள். ஹாம் செட் வழமையாக 5 கிலோஹேர்ட்ஸ் டீவியேஷனில் (குரலுக்கேற்ப அலை இரு பக்கமும் விலகும் அளவு) பேசும். குரலின் உச்ச அதிர்வெண்ணை 3 கிலோஹேர்ட்ஸ் என்று எடுத்தால் அது பிடிக்கும் அகலம் 2 × (5 + 3), அதாவது 16 கிலோஹேர்ட்ஸ். வணிக செட்டின் டீவியேஷன் 2.5 என்பதால் 11-இல் அடங்கிவிடுகிறது. எனவே ஹாம் செட்டின் சத்தம் அடுத்த சனலுக்குள் வழியும். கேட்பவரின் குறுகிய ஃபில்டர் உரத்த சொற்களின் நுனியை வெட்டும். மெல்லப் பேசினால் விளங்கும், கத்தினால் உடையும். அவசரத்தில் யார்தான் மெல்லப் பேசுகிறார்கள்? மெனுவில் 'நாரோ' போட்டால் இந்த ஒரு குறை தீரும், மற்றவை அப்படியே இருக்கும்.

ஸ்டெப் அளவும், அதாவது செட் ஒரு தடவையில் தாவும் அளவும், காலை வாரும். 5 கிலோஹேர்ட்ஸ் ஸ்டெப்பில் 160.3125-இல் நிற்க முடியாது, 160.310-இல் நின்றால் 2.5 கிலோஹேர்ட்ஸ் விலகல். போதாததற்கு, 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஐந்து பங்கு) துல்லியமுள்ள செட் அந்த இடத்தில் இன்னும் 800 ஹேர்ட்ஸ் வரை நகரலாம். எதிர்ப்பக்க செட்டின் ஒலியைத் திறக்கும் அடையாள ஓசையான டோன் போடாவிட்டால் எதிர்ப்பக்கம் உங்கள் குரலைக் கேட்காது, ஆனால் அவர்களுடைய பேச்சை உங்கள் அலை அமுக்கிவிடும். நீங்களோ, பதில் வராததால் சனலில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஹார்மொனிக், அதாவது அனுப்பும் அதிர்வெண்ணின் மடங்குகளில் விழும் வேண்டாத அலை, கண்ணுக்குத் தெரியாத தொல்லை. 156.8-இல் அனுப்பினால் இரண்டாவது 313.6-இலும் மூன்றாவது 470.4-இலும் விழும். மலிவான செட்டில் கடைசி ஃபில்டர் நொய்ந்தது. 5 வொட் செட்டில் ஹார்மொனிக் 40 டெசிபெல் கீழே இருந்தாலும் அரை மில்லிவொட் வெளியே போகிறது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவான எஃப்.சி.சி. 2018 செப்டெம்பரில் இப்படியான மலிவு செட்டுகளைப் பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டது. அங்கே வணிக செட்டுக்கான தரச்சான்று வேறு, ஹாம் விதி வேறு. இணையத்தில் வரும் விளக்கங்கள் பெரும்பாலும் அந்த நாட்டு விதியை வைத்தே எழுதப்பட்டவை. வாசிக்கும்போது அதை மனதில் வைத்திருங்கள்.

படகுக்காரர் விஷயம் வேறு. திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போகும் படகானாலும், திமிங்கிலம் காட்டப் போகும் படகானாலும், கடல் சனல்கள் 25 கிலோஹேர்ட்ஸ் அகலம் என்பதால் ஹாம் செட்டின் குரல் அபாய அழைப்புக்கான 16ஆம் சனலில், அதாவது 156.800-இல், சுத்தமாகவே கேட்கும். அதனால்தான் ஆக்கள் ஏமாறுகிறார்கள். அந்த செட்டில் சிவப்பு அபாயப் பொத்தான் கிடையாது. டி.எஸ்.சி. (டிஜிட்டல் அழைப்பு வசதி) உள்ள கடல் செட்டில் மூடியைத் தூக்கிப் பொத்தானைச் சில விநாடி அமர்த்தினால் 70ஆம் சனலில் படகின் எண்ணும் ஜி.பி.எஸ். இடமும் தானாகப் போகும். படகின் அடையாளமான எம்.எம்.எஸ்.ஐ. எண்ணைப் பதியாமலும் ஜி.பி.எஸ். இணைக்காமலும் விட்டால் அந்தப் பொத்தானால் பெரிய பயன் இல்லை. வாங்கிய பிறகு பலர் விட்டுவிடும் வேலை இதுதான்.

இருவழிச் சனல்களில் (பேச ஒன்று, கேட்க ஒன்று என இரண்டு அதிர்வெண் உள்ளவை) இன்னொரு பொறி இருக்கிறது. 26ஆம் சனலில் கப்பல் 157.300-இல் பேசும், கரை 161.900-இல் பேசும், இடைவெளி 4.6 மெகாஹேர்ட்ஸ். ஹாம் செட் இரண்டு மீட்டர் அலைவரிசையில் (145 மெகாஹேர்ட்ஸ் பக்கம்) எதிர்பார்ப்பது 0.6. கரையைக் கேட்ட அதே இடத்திலேயே பதில் சொன்னால் கரைக்கு ஒன்றும் கேட்காது. கப்பல்களின் ஏ.ஐ.எஸ். (கப்பலைத் தானாக அடையாளம் காட்டும் முறை) தகவல் போகும் 161.975-க்கும் உங்கள் அலைக்கும் இடையில் 75 கிலோஹேர்ட்ஸ்தான் மிஞ்சும்.

தூரம் போகவில்லையென்று வொட் கூட்டுவதும் வீண். கிலோமீட்டரில் அடிவானம் 4.12 × √உயரம் (மீட்டரில்), இரு பக்கத்தையும் கூட்ட வேண்டும். இரண்டு மீட்டர் உயரத்தில் இரண்டு படகுகள் என்றால் ஏறக்குறைய 11.7 கிலோமீட்டர், ஒன்றின் அன்ரனாவை 4 மீட்டருக்கு ஏற்றினால் 14. 145-க்கு வெட்டிய கால் அலை அன்ரனா சுமார் 49 சென்ரிமீட்டர், 156.8-க்கு வேண்டியது 45.5. பொருந்தாத அன்ரனாவில் மீளும் சக்தி செட்டைத்தான் சூடாக்கும்.

பொலிஸ், அம்புலன்ஸ் சனல்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. டிஜிட்டலுக்கும் குறியாக்கத்துக்கும் மாறிய வலையமைப்பில் சாதாரண எஃப்.எம். செட்டுக்கு இரைச்சல் மட்டுமே கேட்கும். அதன்மேல் பேசினால் அவர்களுடைய அழைப்பு கெடும். பேரிடர் வந்தால் உதவலாமே என்று கேட்பவர்களுக்கு 2004 சுனாமியே பதில். அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையில் ஹாம்கள் செய்தி கடத்தியது ஹாம் எச்.எஃப். (சிற்றலை) அலைவரிசையில். பொலிஸ் சனலுக்குள் நுழையத் தேவையே வரவில்லை.

வணிக செட்டை ஹாமுக்குக் கொண்டுவருவதுதான் நல்ல வேலை. பழைய மோட்டரோலா ஜி.பி., ஜி.எம். வரிசை செட்டுகள் உறுதியானவை, ஃபில்டரும் நல்லது. வாங்கும்போது மாதிரி எண்ணிலுள்ள அலைவரிசை எழுத்தைப் பாருங்கள்: கே என்றால் 136–174, ஆர் என்றால் 403–470, எஸ் என்றால் 450-இலிருந்து மேலே. எஸ் செட்டை 430 பக்கம் இறக்கப் பார்த்தால் அதிர்வெண்ணை உருவாக்கும் பி.எல்.எல். சுற்று அங்கே நிலைகொள்ளாது, மலிவு என்று வாங்கிவிட்டுத் திண்டாட வேண்டாம். புரோகிராம் கேபிள், அந்த மாதிரிக்குரிய சி.பி.எஸ். (செட்டில் சனல் எழுதும்) மென்பொருள் இரண்டும் கிடைக்குமா என்று பணம் கொடுக்க முன்னரே விசாரியுங்கள்.

முதல் வேலை, பழைய கோட்பிளக்கை (சனலும் அமைப்பும் உள்ள கோப்பு) ஒரு பிரதி எடுத்துவிட்டு எல்லாச் சனலையும் அழிப்பது. விட்டுவைத்தால் குமிழ் ஒரு பல் தவறித் திரும்பும்போது முன்னைய உரிமையாளரின் சனலில் நீங்கள் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஸ்கான் பட்டியலையும் பேசும் பொத்தானை அமர்த்தும்போது தானாகப் போகும் பி.ரி.ரி. அடையாள எண்ணையும் மறக்காமல் நீக்குங்கள். உள்ளூர் ஹாம்கள் 25 கிலோஹேர்ட்ஸில் பேசினால் அகலத்தை அப்படியே போடுங்கள். குறுக்கி வைத்தால் உங்கள் குரல் அவர்களுக்குச் சன்னமாகத்தான் கேட்கும். வாகன செட் என்றால் 45 வொட்டில் 10 அம்பியருக்கு மேல் இழுக்கும். ஃபியூஸ் போட்ட கம்பியை நேராகப் பற்றரியிலிருந்து எடுங்கள், சிகரெட் லைட்டர் சொக்கட் அதற்குத் தாங்காது.