மூன்றாவது இருக்கையில்தான் வண்டி நகர்ந்தது

பனியே பார்க்காத காரைக்குடியில், உட்கார்ந்து ஓட்டும் பனிச்சறுக்குக்குக் கால் இயங்காத ஒரு வீரரைத் தயார் செய்ய முடியுமா என்றால், முடியும். மவுண்டன் போர்டின், அதாவது காற்றடித்த நான்கு சக்கரம் கொண்ட பலகையின் மேல் இருக்கையை ஏற்றி, இரண்டு கையிலும் கோல் ஊன்றித் தள்ளிப் பழகுவது பனி நாடுகளிலும் கோடைக்கால வழக்கம்தான். போர்டு வந்தது, காற்றடித்தது எல்லாம் ஒரு நாள் வேலை. நான்கு மாதத்தைத் தின்றது இருக்கை.

முதல் இருக்கையை வெல்டிங் பட்டறையில் நாற்காலி மாதிரியே செய்து கொடுத்துவிட்டார்கள். முக்கால் இஞ்சு ஸ்குயர் பைப், முழங்கால் மேலே, முதுகுக்குச் சாய்வு. பார்க்க அம்சமாக இருந்தது, ஓட்டத்தான் முடியவில்லை. முழங்கால் உயர்ந்தால் இடுப்பெலும்பு பின்னால் உருளும், முதுகு கூன் விழும், கோல் ஊன்றும்போது மேலுடம்பு முன்னால் விழ இடமிருக்காது. தோளும் கையும் மட்டும் வேலை செய்யும்.

மேலுடம்பு விழுவது ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கோல் தரையோடு 80 டிகிரியில் நிற்கும்போது 100 நியூட்டன் கொடுத்தால், வண்டியை முன்னே தள்ளுவது 17 நியூட்டன்தான். மற்றது தரையைக் குத்தியே போகும். 60 டிகிரியில் 50 கிடைக்கும், 45 டிகிரியில் 71. ஆக, கோல் சாயச் சாயத்தான் லாபம். ஆனால் அது சாயும் நேரத்தில் வெறும் கைக்குப் பலம் தீர்ந்திருக்கும். அப்போது கோலின் மேல் இறங்க வேண்டியது மேலுடம்பின் எடை.

அதற்காக இரண்டாவது இருக்கையை மண்டியிட்ட நிலைக்கு மாற்றினோம்: தொடை முன்னோக்கிச் சரிய, முழங்கால் பலகை இருக்கையைவிட 15 செ.மீ. கீழே. எடை குறையட்டும் என்று அலுமினியக் குழாய் வாங்கியது தவறில்லை. அதை ஆர்க் வெல்டிங்கில் கொடுத்ததுதான் தவறு. மெல்லிய குழாய் ஓட்டை விழுந்து போயிற்று. அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங்தான். அதற்காகத் திருச்சிக்கு ஒரு நடை, விடுமுறை என்று தெரியாமல் போனதால் இரண்டாவது நடை.

சட்டம் கோணலா என்று பார்க்கப் பக்கத்து வீட்டு வளவின் ஆத்தங்குடிக் கல் தரை உதவியது. "தரையில கீறல் விழுந்துராம பாத்துக்கப்பா" என்றார் ஆச்சி. நான்கு கால்களுக்கு அடியிலும் ஒரு தாளைச் செருகிப் பார்த்தால், தாள் வழுக்கிப் போகும் கால் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். 3 மில்லிமீட்டர் தூக்கியிருந்தது. சாலையில் வண்டி ஓயாமல் இடப்பக்கம் இழுத்திருக்கும்.

அந்த இருக்கையும் தேறவில்லை. வாரை வயிற்றின் மேல் கட்டியதால் மூச்சு அடைத்தது. வார் பிடிக்க வேண்டியது இடுப்பெலும்பை; தொடை மடியும் இடத்தில் படிந்து, பின்னும் கீழுமாகச் சுமார் 45 டிகிரியில் இழுக்க வேண்டும். அதைவிட மோசம், கணுக்கால் வார் பதிந்த சிவப்புத் தடம். முதுகுத்தண்டு டி10 மட்டத்தில் (நெஞ்சுப் பகுதியின் பத்தாவது எலும்பு) அடிபட்ட வீரருக்கு அங்கே வலி தெரியாது. இறங்கியதும் கணைக்கால் எலும்பு, கணுக்கால், உட்காரும் எலும்பு மூன்றையும் விரலால் அழுத்திப் பாருங்கள். அரை மணி நேரத்தில் சிவப்பு போகவில்லையென்றால் மறுநாள் ஓட்டம் கிடையாது. புண் வந்தால் மாதக் கணக்கில் படுக்கைதான்.

மூன்றாவதில் கீழ் விலா மட்டத்துக்கு முன்புறம் ஒரு மெத்தைத் தாங்கல் சேர்த்தோம். வயிற்றுத் தசை பாதிதான் வேலை செய்பவருக்கு முன்னே விழ முடியும், எழத்தான் முடியாது. தாங்கல் அதிகமாக விழாமல் நிறுத்துகிறது. வயிற்றுத் தசை முழுதாக இருப்பவருக்கு இதை வைக்காதீர்கள், அது வேகத்தைத் திருடும். துளைகளை 2 செ.மீ. இடைவெளியில் போட்டு, எல்லாவற்றையும் நகர்த்தும்படி வைத்ததுதான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை.

கோலில் ஒரு முட்டாள்தனம். உட்கார்ந்த நிலையில் தோளுக்கும் கண்ணுக்கும் நடுவே கைப்பிடி வரட்டும் என்று ஒரே வெட்டாக 5 செ.மீ. எடுத்தாயிற்று. குட்டையாகிவிட்டது, வெட்டிய கார்பன் நார்க் கோல் ஒட்டாது. கைப்பிடிப் பக்கமாக ஒவ்வொரு செ.மீ. ஆக வெட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததை வெட்டுங்கள். தார்ச்சாலையில் இரும்பு முனை மழுங்கி வழுக்கும். லேத் பட்டறையில் கிடைக்கும் கார்பைடு பிட்டைச் சாணை பிடித்து, கோல் நுனிக்கான எஃகுக் குப்பியில் பித்தளையால் பற்றவைத்து, ஆறிய பிறகே அரால்டைட் போட்டுக் கோலில் ஒட்ட வேண்டும். கோலோடு சேர்த்துச் சூடாக்கினால் கார்பன் கருகிவிடும்.

ஓட்டம் காலை 6 மணிக்கு முன்பு. அடிபட்ட மட்டத்துக்குக் கீழே வியர்க்காது, உடல் சூடு இறங்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் கட்டாயம். போர்டுக்குத் தானாகப் பிரேக் கிடையாது, அதனால் மேடு பள்ளம் இல்லாத சாலையாகப் பாருங்கள். செம்மண் லாரி கொட்டிப்போன சரளைக்கு முன்சக்கரம் சட்டென்று நின்றுவிடும்.

கடைசியில் காகிதம். ஊனத்தைப் பார்த்து வீரரை ஒரு வகுப்பில் சேர்க்கும் சர்வதேச வகைப்பாட்டுக்கு முன் மருத்துவ அறிக்கைப் படிவம் போக வேண்டும். நம் ஊர்ச் சான்றிதழில் இருப்பதோ ஊனம் இத்தனை விழுக்காடு என்ற ஒரு எண். அது அங்கே செல்லாது. முதுகுத்தண்டுக் காயத்துக்கு அவர்கள் கேட்பது ஆசியா (ASIA, அமெரிக்க முதுகுத்தண்டுக் காயச் சங்கத்தின் சுருக்கப் பெயர்) அளவுகோல்: இரு பக்கமும் பத்துப் பத்துத் தசைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5, கூட்டினால் 100. "ஆசியாவா? இது இந்தியா ஆஸ்பத்திரி" என்றார் மதுரையில் ஒரு எழுத்தர். அவர் கிண்டல் செய்யவில்லை. அன்றைய நாள் வீண்.

அந்த 100-இல் வயிறு, முதுகுத் தசைகளுக்கு மதிப்பெண்ணே இல்லை என்பதையும் கவனியுங்கள். எல்.டபிள்யூ.10 முதல் 12 வரை உட்காரும் வகுப்புகளைப் பிரிப்பதோ பெரும்பாலும் மேலுடம்பின் பிடிமானம். அதைப் பலகையில் உட்காரவைத்து நேரில் சோதிப்பார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு விழுக்காடு உண்டு, ஓடிய நேரத்தை அதால் பெருக்குவார்கள். வகுப்பு மாறினால் நேரக் கணக்கே மாறும்: 86 விழுக்காடு என்றால் 30 நிமிட ஓட்டம் 25 நிமிடம் 48 நொடியாகக் கணக்காகும். எனவே ஸ்கேன் அறிக்கை, அறுவைச் சிகிச்சைக் குறிப்பு இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

இரண்டாம் முறை போனபோது மருத்துவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பொறுமையாக நிரப்பிக் கொடுத்தார். முத்திரை மட்டும் கடைசிப் பக்கத்தில் விழவில்லை. ஸ்டாம்ப் பேடு காய்ந்திருந்தது. கையோடு ஒன்று வாங்கிப் போங்கள்.