ஈஆர்சிபி: கம்பி கணையத்துக்குள் போய்விட்டால்

பித்தநாளக் கல்லுக்கு ஈஆர்சிபி (வாய்வழியே எண்டோஸ்கோப்பை விட்டு, எக்ஸ்ரே உதவியோடு பித்த, கணைய நாளங்களில் செய்யும் சிகிச்சை) செய்யும்போது, கல்லை எடுப்பதைவிட உள்ளே நுழைவதுதான் ஆபத்தான கட்டம். பித்தநாளமும் கணைய நாளமும் பெரும்பாலும் சிறுகுடலில் உள்ள பாபில்லா என்ற சிறு மேட்டில் ஒரே துளை வழியாகத் திறக்கின்றன. கணையப் பக்கம் அதிகம் சீண்டினால் கணைய அழற்சி வரும். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்து.

சாயத்தைச் செலுத்தி நாளத்தைத் தேடுவது பழைய முறை. கணைய நாளத்தில் சாயம் ஏறினால் அழுத்தம் கூடும். அதனால் 0.035 அல்லது 0.025 அங்குலக் கைடு வயரை (வழிகாட்டும் மெல்லிய கம்பி) முதலில் விடுவதே நல்லது. ஸ்பிங்டரோடோமின் (துளைக்குள் நுழையவும் அதை வெட்டவும் உதவும், நுனி வளையும் குழாய்) நுனியை 11 மணித் திசைக்கு வளைத்து, கம்பியை மெதுவாக விட வேண்டும். எக்ஸ்ரே திரையில் கம்பி கல்லீரலை நோக்கி மேலேறினால் பித்தநாளம். முதுகெலும்பைக் குறுக்கே கடந்தால் கணையம். தடை தட்டினால் தள்ளவே கூடாது. கணையத்தின் கிளை நாளத்துக்குள் நுனி புகுந்து துளைத்துவிடும்.

பாபில்லாவை 5 முறைக்கு மேல் தொட்டாயிற்று, 5 நிமிடம் தாண்டிவிட்டது, கம்பி ஒருமுறைக்கு மேல் கணையத்துக்குள் போய்விட்டது: இவற்றில் ஒன்று நடந்தாலே கடினமான பாபில்லா என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். அப்போது அதே முயற்சியைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் பெரிய தவறு.

கணையத்துக்குள் போன கம்பியை உருவ வேண்டாம். அங்கேயே விட்டு, பக்கத்தில் இரண்டாவது கம்பியால் பித்தநாளத்தைத் தேடலாம். அந்தக் கம்பி மேலேயே முடிவில் 5 பிரெஞ்ச் அளவுள்ள கணைய ஸ்டென்டையும் (நாளத்தை அடைபடாமல் வைக்கும் சிறு குழாய்) ஏற்றிவிடலாம். கம்பி கணையத்தில் நிற்கவே இல்லை என்றால், துளைக்கு மேலே நீடில் நைஃபால் (ஊசி போன்ற கத்தி) வெட்டித் திறக்கும் ஃபிஸ்டுலோடமி என் தேர்வு. வெட்டு கணையத் துளையை விட்டு விலகியே இருக்கும். ஆனால் இது கைதேர்ந்தவர் வேலை. ரத்தக்கசிவும் குடல் துளைபடுவதும் இதில் வரக்கூடியவை.

கணைய அழற்சியைத் தடுக்க மருந்தா, ஸ்டென்டா என்று கேட்பவர்கள் உண்டு. ஆசனவாய் வழி தரும் இண்டோமெத்தசின் என்ற வலி, அழற்சி மருந்து கணைய அழற்சியை 16.9 சதவீதத்திலிருந்து 9.2 ஆகக் குறைத்ததாக 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதை நம்பி ஸ்டென்டைக் கைவிடலாமா? 2024-இல் வெளியான ஆய்வில், அதிக ஆபத்துள்ளவர்களில் மருந்து மட்டும் பெற்றோருக்கு 14.9 சதவீதம், ஸ்டென்டும் சேர்ந்தோருக்கு 11.3. ஆகவே இவர்களுக்கு இரண்டும் வேண்டும். ஒவ்வாமையோ சிறுநீரகச் செயலிழப்போ இல்லாதவர்களுக்கு, தொடங்கும் முன்பே 100 மி.கி. டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெத்தசின் சப்போசிட்டரி (ஆசனவாயில் வைக்கும் மருந்து) வைத்துவிடுங்கள்.

ஸ்டென்ட் பெரும்பாலும் தானாக விழுந்துவிடும். 5 முதல் 10 நாளில் ஒரு வயிற்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இன்னும் இருந்தால் எண்டோஸ்கோப்பியில் எடுத்துவிட வேண்டும். நாள்பட இருந்தால் நாளமே சேதமாகும். அந்த எக்ஸ்ரே தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதிக் கொடுத்தே அனுப்புங்கள்.