சமைத்த பிறகு வரும் கிருமி

மளிகைக் கடையின் குளிர்ப்பெட்டியில் மெல்லியதாகச் சீவிப் பொதிசெய்து வைத்திருக்கும் ஹாம், வான்கோழி, மாட்டிறைச்சி ஆகியவற்றைப் பற்றி எச்சரிக்கையாக ஏதாவது சொன்னால், "அது ஏற்கெனவே அவித்த இறைச்சிதானே, பிறகு என்ன பயம்?" என்றுதான் ரொறன்ரோவில் எனக்குத் தெரிந்த பலரும் கேட்கிறார்கள். அவித்த இறைச்சி என்பது உண்மை. தொழிற்சாலையில் அதை அவிக்கும் வெப்பத்தில் லிஸ்டீரியா என்ற கிருமியும் செத்துவிடுகிறது என்பதும் உண்மை. ஆனால் இந்த இறைச்சியைப் பொறுத்தவரை ஆபத்து அவித்து முடித்த பிறகே தொடங்குகிறது. முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவள் என்ற முறையில், இதைச் சற்று விரிவாக எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அவித்த இறைச்சிக் கட்டியை ஆறவைத்து, அதைச் சுற்றியிருக்கும் உறையை உரித்து, சீவும் இயந்திரத்தில் ஏற்றித் துண்டுகளாக்கி, பொதிக்குள் அடைத்துக் காற்றை உறிஞ்சி மூடுகிறார்கள். உறையை உரித்ததிலிருந்து பொதியை மூடும்வரை அந்த இறைச்சிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அதன் பிறகு வீட்டு மேசையில் இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவே வைக்கப்படும்வரை அது மறுபடியும் நெருப்பைக் காண்பதும் இல்லை. எனவே, அந்த இடைவெளியில் எது அதைத் தொடுகிறதோ அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் அதைத் தொடுவது சீவும் இயந்திரம்.

எங்கள் சமையலறையில் இருப்பது சிறிய இயந்திரம். அதன் வட்டக் கத்தியைத் துடைத்துவிட்டால் எல்லாம் பளபளவென்று சுத்தமாகத்தான் தெரியும். கத்தியை மறைக்கும் வளையத்தைக் கழற்றி உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால் மட்டுமே அங்கே படிந்திருக்கும் மெல்லிய கொழுப்புப் படலம் தெரியவரும். இறைச்சியைத் தாங்கும் தட்டு அடிப்பகுதியோடு சேரும் மூட்டிலும், சுவிட்சைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் ஓரத்திலும் நூல் போன்ற இறைச்சித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கொழுப்பு இருக்கும் இடத்தில் கிருமிநாசினியை எவ்வளவு தெளித்தாலும் அது சரியாக வேலை செய்வதில்லை. முதலில் கழற்ற வேண்டும், பிறகு சவர்க்காரம் போட்டுத் தேய்க்க வேண்டும், அதன் பிறகுதான் கிருமிநாசினி. இந்த ஒழுங்கு மாறினால் அந்த வேலையைச் செய்ததாகவே கொள்ள முடியாது. கையடக்கமான இயந்திரத்திலேயே இவ்வளவு மறைவிடங்கள் இருக்கும்போது, தொழிற்சாலையில் ஓர் அறையின் நீளத்துக்கு நிற்கும் இயந்திரத்தின் உள்ளே எத்தனை இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லிஸ்டீரியா மண்ணிலும் சாணத்திலும் தண்ணீரிலும் இயல்பாக இருக்கும் பக்டீரியா. மற்றப் பல கிருமிகளைக் குளிர் அடக்கிவைக்கிறது. இது மட்டும் 4 பாகை செல்சியஸிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டே போகிறது. உப்பையும் தாங்கும், காற்றை உறிஞ்சிய பொதிக்குள்ளும் வளரும், உலோகத்தின் மேல் தனக்கென ஒரு பசைப் படலத்தை உண்டாக்கி அதற்குள் மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில், இருந்துவிடும். குளிரூட்டப்பட்ட, எப்போதும் ஈரமாக இருக்கும் ஓர் இறைச்சித் தொழிற்சாலை அதற்கு மிகவும் வாய்ப்பான இடம். அது பெருகிய இறைச்சியில் நாற்றமோ நிறமாற்றமோ சுவை மாற்றமோ தெரியாது. மணந்து பார்த்து நல்லது, கெட்டது பிரிக்கும் நமது அம்மாமாரின் அனுபவம் இங்கே உதவாது என்பதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

கனடாவில் 2008-ஆம் ஆண்டு நடந்தது இதைத்தான் காட்டியது. அந்தக் கோடையில் ஒன்ராறியோவில் லிஸ்டீரியா நோயாளிகளின் எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக உயர்ந்தது. ரொறன்ரோவின் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருவர் நோயுற்றதைத் தொடர்ந்து, அங்கு பரிமாறப்பட்ட உணவின் மாதிரிகளைப் பொதுச் சுகாதார அதிகாரிகள் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரொறன்ரோவின் பார்ட்டர் வீதியில் மேப்பிள் லீஃப் ஃபூட்ஸ் நிறுவனம் நடத்திய தொழிற்சாலையை நோக்கித் தடயம் சென்றது. ஆகஸ்ட் 17-ஆம் திகதி பொதுமக்களுக்கு எச்சரிக்கை வந்தது. சில நாட்களில் அந்தத் தொழிற்சாலையின் எல்லாப் பொருட்களும் மீளப் பெறப்பட்டன. உறுதிசெய்யப்பட்ட நோயாளிகள் 57 பேர். 2009 ஜூலையில் வெளியான ஷீலா வெதரில் அம்மையாரின் சுயாதீன விசாரணை அறிக்கையின்படி, அவர்களில் 22 பேர் இறந்தார்கள்.

இரண்டு உற்பத்தி வரிசைகளில் இருந்த பெரிய சீவும் இயந்திரங்களின் ஆழத்தில், வழக்கமாகச் சுத்தம் செய்யும்போது எட்டாத இடத்தில், இறைச்சி எச்சம் தேங்கி அங்கே கிருமி குடிகொண்டிருந்தது என்பதே ஆய்வாளர்கள் கண்ட மிகச் சாத்தியமான காரணம். அந்த இயந்திரங்கள் நாள்தோறும் கழுவப்பட்டவைதான். அந்த அறிக்கையில் என்னை மிகவும் உலுக்கியது வேறொரு பகுதி. 2007-இலும் 2008-இலும் அதே வரிசைகளில் மேற்பரப்பைத் துடைத்து எடுத்த மாதிரிகள் மீண்டும் மீண்டும் லிஸ்டீரியா இருப்பதைக் காட்டியிருந்தன. ஒவ்வொரு முறையும் தொழிலாளர்கள் அந்த இடத்தைச் சுத்தம் செய்தார்கள், அடுத்த சோதனையில் கிருமி தென்படவில்லை என்றதும் வேலை தொடர்ந்தது, சில வாரங்களில் அது திரும்பி வந்தது. ஒவ்வொரு முடிவும் தனித்தனியாகப் பதிவாகியிருந்ததே தவிர, எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, "ஏன் இதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது?" என்று எவரும் கேட்கவில்லை. அந்த முடிவுகளைக் கனடிய உணவுப் பரிசோதனை முகமைக்கு அறிவிக்க வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது இருக்கவில்லை. 2009 ஏப்ரலில்தான் அந்த விதி வந்தது. நிறுவனத் தலைவர் மைக்கேல் மெக்கெய்ன் தொலைக்காட்சியில் தோன்றி மன்னிப்புக் கேட்டதையும், பொறுப்பு பரிசோதகர்களுடையது அல்ல, தங்களுடையதே என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டதையும் நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பதிவேட்டைக் கையில் எடுத்து முழுமையாகப் பார்த்திருக்க வேண்டிய காலம் அதற்கு ஒரு வருடம் முந்தியது.

இறந்தவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். நோயுற்றவர்களில் மிகப் பலர் பராமரிப்பு இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் இருந்தவர்கள். சம்பந்தப்பட்ட பொருட்களில் இத்தகைய நிலையங்களின் சமையலறைகளுக்கென்றே தயாரான பெரிய பொதிகளும் இருந்தன. அந்த முதியவர்கள் எவரும் கடைக்குப் போய் அந்த இறைச்சியைத் தெரிந்தெடுக்கவில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார்கள். அந்தத் தட்டை வைக்கும் கைகளில் என்னுடையதும் ஒன்று என்பதால், அன்றைய விவசாய அமைச்சர் அதிகாரிகளோடு நடந்த தொலைபேசிக் கூட்டத்தில் இந்த மரணங்களைப் பற்றிச் சிலேடையாகப் பேசிவிட்டுப் பின்னர் மன்னிப்புக் கேட்டார் என்ற செய்தியை இப்போது நினைத்தாலும் என்னால் ஆறமுடியவில்லை.

பதினாறு வருடங்களுக்குப் பிறகு, 2024-இல், அமெரிக்காவிலும் இது நடந்தது. வேர்ஜினியா மாநிலத்தின் ஜாரட் என்ற சிற்றூரில் இருந்த போர்ஸ் ஹெட் என்ற இறைச்சி நிறுவனத்தின் தொழிற்சாலையில் செய்த லிவர்வர்ஸ்ட் என்ற ஈரல் இறைச்சியில் லிஸ்டீரியா இருந்ததை, மேரிலாந்து சுகாதாரத் துறையினர் கடையில் எடுத்த திறக்கப்படாத பொதி ஒன்றின் மூலம் கண்டுபிடித்தார்கள். 19 மாநிலங்களில் 61 பேர் நோயுற்றார்கள், 10 பேர் இறந்தார்கள், 70 இலட்சம் இறாத்தலுக்கு மேற்பட்ட இறைச்சி திரும்பப் பெறப்பட்டது. அந்தத் தொழிற்சாலையில் முந்தைய ஒரு வருடத்தில் மட்டும் 69 விதிமீறல்களைப் பரிசோதகர்கள் எழுதிவைத்திருந்தார்கள்: பூஞ்சணம், பூச்சிகள், கூரையிலிருந்து சொட்டும் நீர், இயந்திரங்களில் ஒட்டிய பழைய இறைச்சி. இங்கும் எழுத்தில் எல்லாம் இருந்தது. தொழிற்சாலை செப்டெம்பரில் மூடப்பட்டது.

அந்தப் பரவலில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, நோயுற்றவர்களில் பலர் கடைக்காரர் கண்முன்னே சீவிக் கொடுத்த இறைச்சியைச் சாப்பிட்டவர்கள். கண்முன்னே சீவினால் புதியது, அதனால் நல்லது என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் ஒரே கத்தியில் ஹாமும் வான்கோழியும் சலாமியும் அடுத்தடுத்து ஏறும்போது, ஒன்றில் இருந்த கிருமி மற்ற எல்லாவற்றுக்கும் போகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த மதிப்பீட்டில், இத்தகைய இறைச்சிகளால் வரும் லிஸ்டீரியா மரணங்களில் ஏறத்தாழ 83 வீதம் கடையிலேயே சீவப்பட்டவற்றோடு தொடர்புடையவை. நான் என் வீட்டுக்கு அவற்றை வாங்குவதில்லை.

ஆரோக்கியமான ஒருவருக்கு இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பலருக்கு அதுவும் இராது. முதியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு அது இரத்தத்திலும் மூளை உறையிலும் நுழைகிறது. அப்படி நுழைந்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்துபோகிறார். கர்ப்பிணிகளின் நிலை வேறு விதம். தாய்க்கு இலேசான காய்ச்சலும் உடல் நோவும் மட்டும் இருக்கலாம், குழந்தையோ கருவிலேயே இறந்துவிடலாம். நம் வீடுகளில் கர்ப்பிணிக்குப் பப்பாளியையும் அன்னாசியையும் தொடவிடாமல் தடுக்கும் பெரியவர்கள், அவள் வேலைக்குக் கொண்டுபோகும் குளிர்ந்த ஹாம் சான்ட்விச்சைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, ஏனென்றால் அது நம் ஊரில் இல்லாத உணவு, அதைப் பற்றிய எச்சரிக்கையை யாரும் நமக்குச் சொல்லித் தந்ததும் இல்லை.

எங்கள் இல்லத்தில் சீவிய இறைச்சியை உட்புறம் 74 பாகை செல்சியஸ் ஆகும்வரை, ஆவி பறக்கச் சூடாக்கியே பரிமாறுகிறோம். சிலருக்கு அது பிடிப்பதில்லை, குளிர்ந்த ஹாம்தான் வேண்டும் என்று கேட்பார்கள். அவர்கள் சிறு வயதிலிருந்து அப்படித்தான் சாப்பிட்டவர்கள் என்பதால் மறுப்பது எனக்கும் எளிதாக இருப்பதில்லை. வீட்டில் செய்ய வேண்டியதும் அப்படிச் சூடாக்குவதே. குளிர்ப்பெட்டியை 4 பாகைக்குக் கீழே வைத்திருங்கள். பொதியைத் திறந்துவிட்டால் அதில் அச்சிட்டிருக்கும் திகதியைப் பார்க்காமல் நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுங்கள். பொதியிலிருந்து வடியும் நீர் தட்டில் பட்டிருந்தால் துடைத்துவிட்டுப் போகாமல் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நோய் வெளிப்படச் சில வேளை 70 நாட்கள்வரை ஆகும். ஆகவே கர்ப்பிணிக்கோ வயதானவருக்கோ காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், இரண்டு மாதங்களுக்கு முன் சாப்பிட்ட இறைச்சியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காலம் தாழ்த்தாமல் இரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்தால், அம்பிசிலின் போன்ற பழைய மருந்தே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.